ஐபு வைத்த வீல்

போன ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் பங்க்கில் ஓர் இளைஞர் எங்கள் காரைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார். பிறகு இவரிடம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“தப்பா நெனைச்சுக்காதீங்க சார். மூணு வீலு பாரின் அலாய் போட்டிருக்கீங்க. பின்னாடி எடது பக்கம் மட்டும் சாதா இரும்பு வீலா இருக்கு. நாலாவது கெடைக்கலீங்களா? பாண்டிச்சேரியில ஒருத்தர்கிட்ட இருக்கு, சொல்லி வைக்கட்டுங்களா?”

“வேணாம் தம்பி. இது இப்படியே இருக்கட்டும்” என்றார் இவர்.

இவர் என்று நான் எழுதினால் அது என் வீட்டுக்காரர்தான். அரசாங்க அலுவலகத்தில் சூப்பரிண்டெண்ட். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குப் பழக்கமான ஆள்.

அந்த இளைஞர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு ரப்பர் செருப்பு மாட்டிய மாதிரிதான் நிற்கிறது எங்கள் கார். ஏன் அப்படி நிற்கிறது என்பதை இத்தனை மாதமாக நான் எழுதவில்லை. என் பெண் மாலதி படித்துவிடுவாளே என்ற பயம்தான் காரணம். இனிமேல் எழுதலாம். அவளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகிவிட்டது.

மாலதி எங்களுக்கு ஒரே பெண். கும்பகோணத்தில் கொடுத்திருக்கிறோம். முதல் தடவை உண்டானது தங்கவில்லை. இரண்டாவது தடவை உண்டானபோது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்... குலுங்கல் கூடாது, பஸ் பயணம் கூடவே கூடாது. ஆனால் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டாமா? சம்பந்தியம்மா ஒரே பேச்சாகச் சொன்னார்.

“கார் கொண்டாந்து பதனமா அழைச்சிட்டுப் போறதுன்னா போங்க. பஸ்ஸுன்னா பிரசவம் இங்கேயே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்.”

எவ்வளவு நியாயமான பேச்சு பாருங்கள். சண்டை போடக்கூட எனக்கு வழி வைக்கவில்லை அந்த அம்மாள்.

எங்களிடம் கார் இருந்தது. ஒரு டாக்டரிடமிருந்து கைமாறி வந்த பழைய கார். ஆனால் எங்கள் வீடு இருப்பது காரைக்காலில், கடலுக்குக் கிட்டத்தில். உப்புக் காற்று எதைத்தான் விடுகிறது? ஜன்னல் கம்பி, கதவுக் கீல், துணி காய்கிற கொடிக் கம்பி - எல்லாவற்றையும் அரித்துத் தின்று ஏப்பம் விடும். கார் வீல்களையும் தின்றுவிட்டது. விளிம்பு பொரிந்துபோய் டயரில் காற்று நிற்கவில்லை. டிக்கிக்குள் கிடந்த ஸ்டெப்னி மட்டும் தப்பியது. இந்த வீல்களை வைத்துக்கொண்டு கும்பகோணம் போகிற எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்று பஞ்சர் கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

அந்த வாரத்தில்தான் இவர் அலுவலகத்திலிருந்து ஒரு புது வார்த்தையைக் கற்றுக்கொண்டு வந்தார். அலாய் வீல்.

“இது இரும்பு இல்ல சாரதா. அலுமினியத்தோட என்னென்னமோ கலந்து வார்க்கறாங்க. உப்புக் காத்து ஒண்ணும் பண்ண முடியாது.”

“இட்லிப் பானை மாதிரியா?” என்று கேட்டேன். இவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார்.

புதுசு இங்கே எங்கே கிடைக்கும்? பழசுதான். திருமலைராயன்பட்டினத்தில் யூசுப் மரைக்காயர் என்பவரிடம் நாலு இருப்பதாகத் துப்புக் கிடைத்தது. அவர் ஒரு சபுராளி. கடல் கடந்து சம்பாதிக்கப் போகிறவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். சிங்கப்பூரில் கடை வைத்திருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். மகன் இன்னும் அங்கேதான். ஊருக்கு வந்து கார் வாங்கப் போகிறேன், அதில் மாட்டப் போகிறேன் என்று மகன் அந்த வீல்களைக் கப்பலில் அனுப்பி வைத்திருந்தானாம்.

“சக்கரம் வந்திடிச்சு. காருதான் இன்னும் வரல” என்று சிரித்தார் மரைக்காயர்.

நானும் உடன் போயிருந்தேன். என் தையல் டேப்பும்தான். பழைய அலாய் வீல் வாங்கினால் பொருத்தம் பார்க்க வேண்டும் என்று அலுவலகத்தில் யாரோ இவருக்குப் பாடம் எடுத்திருந்தார்கள். வீலில் எத்தனை போல்ட் துளை, நம் காரில் எத்தனை? எதிரெதிர்த் துளைகளுக்கு நடுவில் எவ்வளவு தூரம்? நடு ஓட்டை நம் கார் அச்சின் குமிழில் சரியாக உட்காருமா? டயர் போய் பாடியில் உரசுமா? மாலதியின் கல்யாணத்துக்கு ஜோசியர் ரஜ்ஜுப் பொருத்தத்தை விளக்கும்போது தூங்கி விழுந்த மனிதர், இந்தப் பொருத்தத்துக்காகக் காரின் அளவுகளையெல்லாம் சீட்டில் குறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

முற்றத்தில் குந்தி உட்கார்ந்து அளந்தார். துளையை அளந்தார், நடுவை அளந்தார், குறுக்கே அளந்தார், பின்பக்கம் திருப்பி அளந்தார். எல்லாம் கச்சிதமாக இருந்தது. ஒரே ஒரு விஷயம்... அத்தனையும் அளந்தது ஒரு வீலில். மற்ற மூன்றும் பார்வைக்கு அச்சாக அதே மாதிரி இருந்தன, அதே பூ வேலைப்பாடு. அப்புறம் எதற்கு அளப்பது என்று டேப்பைச் சுருட்டி என்னிடம் கொடுத்துவிட்டார்.

மரைக்காயர் அப்போதுதான் ஆரம்பித்தார்.

“சார், வெல பேசுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும். தனியா சாத்தி வெச்சிருக்கேன் பாருங்க, அந்த வீலுல ஒரு ஐபு இருக்கு. அத சொல்லாம நான் விக்க மாட்டேன். அது என்னன்னா...”

“ஐபுதானே? தெரியும் பாய்” என்றார் இவர். முகமெல்லாம் மலர்ச்சி. “இருக்கட்டும், இருக்கட்டும்.”

“தெரியுமா?” மரைக்காயர் கொஞ்சம் தயங்கினார். “சமாளிச்சிக்குவீங்களா?”

“அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்.”

“அல்ஹம்துலில்லாஹ். சொல்லிட்டேன். அப்ப சரி.”

பாவம், அவர் என்ன நினைத்திருப்பார்? டேப் வைத்து இந்தப் பாடு படுகிற மனிதருக்கு இது தெரியாமலா இருக்கும் என்றுதான் நினைத்திருப்பார்.

திரும்பி வரும்போது நான் இவரைக் கேட்டேன்.

“ஐபுன்னா என்னங்க?”

“அது ஒரு பிட்டிங். பாரின் வீல்ல மட்டுந்தான் வரும். உனக்குச் சொன்னா புரியாது.”

ஊரில் ஒருவராவது இவரை மடக்கியிருக்கலாம். பஞ்சர் கடையில் மூன்று வீல்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. நாலாவது முரண்டு பிடித்தது. ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி, ஆள் ஏறி நின்று அழுத்தி, நட்டை முறுக்கினார்கள்.

“சார், இது மட்டும் என்னமோ மக்கர் பண்ணுதே.”

“அது ஐபு வெச்ச வீல்ப்பா. அப்படித்தான் டைட்டா இருக்கும்.”

பக்கத்து வீட்டில் ஒரு முசியே இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். பாரிஸைப் பார்த்தவர் என்பதால் தெருவில் அவர் சொல்வதற்கு அப்பீல் கிடையாது. இவர் அவரை அழைத்து வந்து காட்டினார். முசியே வீலைத் தட்டிப் பார்த்தார்.

“ஐபுவா? பிரான்ஸ்ல இதெல்லாம் எப்பவோ வந்தாச்சு. அங்க ஐபு இல்லாத வண்டியே கெடையாது” என்றார்.

இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அந்த விசேஷ வீலை எங்கே மாட்டச் சொல்லியிருந்தார் தெரியுமா? பின்பக்கம், இடது பக்கம். “மாலதி அங்கதான் ஒக்காருவா. ஐபு வீல் அடியில இருந்தா குலுக்கல் தெரியாது” என்றார்.

வளைகாப்பு வெள்ளிக்கிழமை. புதன்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு நேரம். நான் தமிழ் டீச்சர், ஜைனபு கணக்கு டீச்சர். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவோம். பெண்ணை எப்படி அழைத்து வரப் போகிறீர்கள் என்று அவள் கேட்டாள். எனக்கும் கொஞ்சம் பெருமை தலைக்கேறிவிட்டது.

“காருக்கு பாரின் வீல் போட்டிருக்கோம். யூசுப் மரைக்காயர்கிட்ட வாங்கினது. ஐபு வெச்ச வீல்.”

“என்ன வெச்ச வீலு?”

“ஐபு.”

ஜைனபு சிரிக்க ஆரம்பித்தாள். புரையேறித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

“டீச்சர்... ஐபுன்னா குறை. பழுது. நம்ம ஆளுங்க ஒரு பொருளை வித்தா அதுல இருக்குற ஐபைச் சொல்லித்தான் விக்கணும். மறைச்சு வித்தா அது ஹராம். மரைக்காயரு உங்ககிட்ட சொல்லித்தான் குடுத்திருக்காரு. என்ன குறைன்னு நீங்க கேக்கலியா?”

கேட்கவில்லை. வருடக்கணக்காக இந்த ஊரில் இருக்கிறேன். மௌத்து என்றால் சாவு, நிக்காஹ் என்றால் கல்யாணம் என்று தெரியும், சபுர் தெரியும். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளின் வீட்டில் புழங்குகிற இந்தச் சின்ன வார்த்தை என் காதில் விழாமலே போயிருக்கிறது. சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன். என் கண் முன்னால் நின்றது வீல் அல்ல... அதற்கு மேலே பின் சீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிற என் பெண்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு நாகூர் போகிற பஸ்ஸில் ஏறினேன். திருமலைராயன்பட்டினத்தில் இறங்கும்போது மரைக்காயர் தொழுகை முடித்துப் பள்ளிவாசலிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

“வாங்க டீச்சரம்மா. சக்கரம் நல்லா ஓடுதா?”

“பாய், அன்னிக்கு ஒரு ஐபு இருக்குன்னு சொன்னீங்களே, அது என்ன?”

அவர் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார்.

“சாரு தெரியும்னு சொன்னாங்களே?”

“அவருக்குத் தெரியாது பாய். அது ஏதோ பிட்டிங்னு நெனைச்சுக்கிட்டாரு.”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரித்தால் எனக்கும் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. அவர் முகம் சுண்டிவிட்டது.

“அந்த ஒண்ணு மத்த மூணோட ஜோடி இல்ல டீச்சரம்மா. மூணுதான் ஒரே வண்டியில இருந்தது. நாலாவது சேரட்டும்னு என் மவன் வேற எங்கேயோ வாங்கியிருக்கான். பாக்க அதே மாதிரி இருக்கும், ஆனா ஓட்டை கொஞ்சூண்டு தள்ளி இருக்கு. முறுக்கிப் பூட்டுனா பூட்டிக்கும். ஓட ஓட நட்டு விட்டுக் குடுத்துடும். அதுல ஓடாதேன்னு அவன் கண்டிசனா சொல்லியிருந்தான். சும்மா டிக்கியில கெடக்கத்தான் ஆவும்னு சொல்ல வந்தேன். சாரு தெரியும்னாங்க...”

நான் மாலதியைப் பற்றிச் சொன்னேன். முதல் தடவை நடந்ததையும் சொன்னேன். ஏன் அதையெல்லாம் அவரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை, நடுத்தெருவில் அழுதுவிட்டேன்.

இவர் மேல் பழி போட்டுவிட்டு மரைக்காயர் ஒதுங்கியிருக்கலாம். ‘நான் சொன்னேன், உங்கள் வீட்டுக்காரர் காதில் வாங்கவில்லை, நான் என்ன செய்ய’ என்று அவர் கேட்டிருந்தால் யார் அவரைக் குறை சொல்ல முடியும்? ஆனால் அவர் சொன்னது வேறு.

“சொன்னா மட்டும் பத்தாது டீச்சரம்மா. கேக்குறவங்களுக்கு வெளங்கணும். வெளங்கலைன்னா நான் சொல்லாத மாதிரிதான். இந்த யாவாரம் இன்னும் முடியல. வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்.”

செருப்பைக்கூட மாற்றாமல் என்னோடு பஸ் ஏறிவிட்டார்.

நாங்கள் போய் இறங்கும்போது இவர் அலுவலகத்திலிருந்து வந்து, அதே பின் வீலைத் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். மரைக்காயர் விஷயத்தைச் சொன்னார். இவர் ஒப்புக்கொள்ளவில்லை.

“ஒரு வாரமா ஊருக்குள்ள ஓட்டறேன் பாய். ஒண்ணும் ஆகலியே. அன்னிக்குக் குழாய் போட்டு முறுக்கின நட்டு அது.”

சொல்லிக்கொண்டே குனிந்து மூடியைக் கழற்றி நட்டில் கை வைத்தார். ஸ்பானரைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. நட்டு அவர் விரலோடு சுற்றியது. அடுத்த நட்டும் சுற்றியது. ஆள் ஏறி நின்று முறுக்கிய நட்டு, திருகுமூடி மாதிரி கையோடு வந்துவிட்டது.

இவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். “வெள்ளிக்கிழமை...” என்றார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் வாயடைத்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. திட்ட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டுப் பஞ்சர் கடைக்காரரைக் கூட்டி வர ஆள் அனுப்பினேன்.

பஞ்சர் கடைக்காரர் வந்தார். நாலு வீலையும் கழற்றச் சொல்லி, மரைக்காயர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக அளக்க வைத்தார். மூன்றும் கச்சிதம். நாலாவது அரை நூல் இடறியது. அரை நூல்... என் டேப்பில் ஒரு கோட்டின் கனம்தான் இருக்கும். அதை ஓரமாகப் போட்டுவிட்டு, ஸ்டெப்னியாகக் கிடந்த இரும்பு வீலை அந்த இடத்தில் மாட்டினார்கள். பழைய வீல்களில் சுமாரான ஒன்றைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து டிக்கியில் போட்டார்கள்.

வேலை முடிந்தது, மரைக்காயர் கிளம்புவார் என்று பார்த்தால், பின் கதவைத் திறந்து இடது பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

“எடுங்க சார். நாகூர் வரைக்கும் போயிட்டு வருவோம். அந்தப் புள்ள ஒக்கார்ற எடத்துல மொதல்ல நான் ஒக்கார்றேன்.”

போனார்கள், வந்தார்கள். இறங்கியதும் அவரே குனிந்து, ஒவ்வொரு வீலாக, ஒவ்வொரு நட்டையும் கையால் திருகிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. “இன்ஷா அல்லாஹ், இப்பப் போய்க் கூட்டியாங்க” என்றார். அந்த நாலாவது வீலை அவர் விடவில்லை, தூக்கிக்கொண்டு போனார். வேறு யார் தலையிலும் போய் விடியக் கூடாது என்று அதைச் சம்மட்டியால் உடைக்கச் சொல்லிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை கும்பகோணம் போனோம். வளைகாப்பு முடிந்து, கை நிறைய வளையலோடு மாலதி ஏறினாள். என் மடியில் தலையை வைத்துப் படுத்தவள் தூங்கிவிட்டாள். மாட்டு வண்டிகூட எங்களை முந்திக்கொண்டு போனது, அந்த வேகத்தில் ஓட்டினார் இவர். பேரளம் ரயில்வே கேட்டில் காலை நீட்டிவிட்டு வருகிறேன் என்று இறங்கினார். எங்கே போய்க் குனிகிறார் என்று எனக்குத் தெரியாதா? மாலதிக்குத் தெரியாது. இந்த வாரம் இதைப் படித்துத்தான் அவளுக்குத் தெரியப் போகிறது. மாலதி, உன் அப்பாவைத் திட்டாதே. அன்றைக்கு அவர் பட்டது போதும்.

பழைய அலாய் வீல் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது அதிகமில்லை. நாலு வீல் வாங்கினால் நாலையும் அளந்து பாருங்கள். பார்வைக்குச் சகோதரர்கள் மாதிரி இருக்கும், நம்பாதீர்கள். அதைவிட முக்கியம், விற்கிறவர் வாயைத் திறந்தால் முழுவதும் சொல்ல விடுங்கள். எங்கள் ஊரில் தமிழ் பேசுகிறோம், அதில் பாதி தெருவுக்கு அரபு, மீதித் தெருவுக்குப் பிரெஞ்சு. புரியாத வார்த்தைக்கெல்லாம் தலையாட்டிப் பழகிவிட்டோம். ‘தெரியும்’ என்று சொல்வதற்கு நமக்கு இருக்கிற அவசரத்தை நினைத்தால்...

யாருக்கு நன்றி சொல்வது? சிரித்துவிட்டுச் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாளே ஜைனபு, அவளுக்கா? மரைக்காயருக்கு எந்த வார்த்தையில் சொல்வது? பொருளை விற்றுவிட்டு ஒதுங்கிக்கொள்கிற உலகத்தில், தான் விற்றது ஓடுகிற வண்டியில் தானே ஏறி உட்கார்ந்து பார்த்த ஒரு மனிதரை எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் அன்றைக்கு என் பெண்ணை ஏற்றினேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் பேத்திக்குப் பெயர் வைத்தோம். சம்பந்தி வீட்டார், தெருக்காரர்கள் என்று கூடம் நிறைந்த கூட்டம். மரைக்காயரும் அவர் வீட்டு அம்மாவும் சிங்கப்பூர்க் கம்பளித் துண்டோடு வந்தார்கள். இவர் குழந்தையை அணைத்தபடி எழுந்து போய் அவர் முன்னால் நின்றார். மரைக்காயர் குழந்தையின் தலையைத் தொட்டும் தொடாமலும் கையை வைத்தார்.

“பரக்கத்தா இருக்கட்டும் சார்.”

இவர் வழக்கம்போலத் தலையாட்டப் போனார். பிறகு நிறுத்திக்கொண்டார். அத்தனை பேர் நடுவில், சம்பந்தியம்மா பார்த்துக்கொண்டிருக்க, கேட்டார்.

“பரக்கத்துன்னா என்ன பாய்?”

“அதைத்தான் கையில வெச்சிருக்கீங்க சார்.”